ஜீபீ படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்

இங்கிலாந்துக்கு வந்தவுடன் ஜீபீயில், அதாவது குடும்ப வைத்தியரிடம், எப்படிப் பதிவது என்று எங்கள் சனத்துக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. வந்த முதற்கிழமையே ஒரு அண்ணாவோ மாமியோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கிட்ட உள்ள சர்ஜரியில் (ஜீபீயின் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பதிவுப் படிவத்தை இணையத்திலோ கடதாசியிலோ நிரப்புங்கள். பதிவு இலவசம். வதிவிடச் சான்று இல்லாமல் பதிய மாட்டோம் என்று ரிசெப்ஷனில் சொன்னால், என்எச்எஸ் என்ற அரச சுகாதாரச் சேவையின் விதிப்படி அது கட்டாயமில்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வீசாவோடு சேர்த்து ஆளுக்கு வருடம் 1,035 பவுண் வரை சுகாதாரக் கட்டணம் கட்டி வந்தவர்கள் ஏதோ தருமத்துக்கு வைத்தியம் கேட்பதுபோல் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தோடு தரும் கேள்வித்தாளில் உங்கள் இனப் பின்னணி என்ன என்று ஒரு கேள்வி இருக்கும். எங்கள் ஆட்கள் பலர் அதைத் தாண்டிப் போவார்கள், அல்லது ‘சொல்ல விரும்பவில்லை’ என்பதில் புள்ளடி போடுவார்கள். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு, பஸ்ஸை மறித்தால் அடையாள அட்டை என்று வளர்ந்த தலைமுறை நாங்கள். அரசாங்கக் கடதாசி ஒன்றில் இனத்தை எழுதிக் கொடுத்து நல்லது நடந்ததாக எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

லண்டன் ஹரோவில் இருக்கும் என் நண்பன் ஒருவனும் அதைத்தான் செய்தான். ஊரில் இருந்த அதே உடம்பு, மெல்லிய ஆள். சிகரெட் இல்லை. இங்கே 40 வயதிலிருந்து 74 வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ‘ஹெல்த் செக்’ என்று கூப்பிடுவார்கள். ஐம்பதை நெருங்கும்போது அவன் போனான். நேர்ஸ் பிறஷர் பார்த்தார், கொலஸ்ட்ரோல் பார்த்தார், நிறுத்தார். கணினியில் தட்டிவிட்டு, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான சாத்தியம் எட்டு வீதம் சொச்சம், பத்துக்குக் கீழேதான் இருக்கிறது, இப்படியே இருங்கள் என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சு இறுகி, அம்புலன்சில் போய், இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தான்.

அந்த எட்டு வீதம் எப்படி வந்தது? இங்குள்ள ஜீபீமார் பயன்படுத்துவது கியூரிஸ்க் 3 என்ற கணிப்பான். ஜூலியா ஹிப்பிஸ்லி-கொக்ஸ் என்ற பேராசிரியரின் குழு, ஜீபீ பதிவேடுகளிலிருந்து பெருந்தொகையான ஆட்களின் தரவை எடுத்து 2017இல் வெளியிட்டது. வயது, பிறஷர், கொலஸ்ட்ரோல், நீரிழிவு, தபால் குறியீடு எல்லாம் அதற்குள் போகும். இனமும் போகும். இனப் பட்டியலின் முதல் வரி என்ன தெரியுமா? ‘வெள்ளையர் அல்லது குறிப்பிடப்படவில்லை’. இரண்டும் ஒரே வரி! நீங்கள் சொல்லாவிட்டால் கணினி உங்களை வெள்ளைக்காரராகவே வைத்துக் கணக்குப் போடும். கோண்டாவிலில் பிறந்த என் நண்பனுக்கு ஒரு யோர்க்‌ஷயர்காரருடைய இருதயம் கிடைத்துவிட்டது, கடதாசியில் மட்டும்.

அந்தக் கணிப்பானை யாரும் இணையத்தில் திறக்கலாம். அவன் வீட்டுக்கு வந்த பிறகு, பழைய எண்களை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் போட்டுப் பார்த்தோம். ‘இந்தியர்’ என்று மாற்றினால் எண் பத்தைத் தாண்டியது. ஆண்களுக்கு அந்த ஒரு தெரிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூட்டும். பாகிஸ்தானியர், பங்களாதேஷியர் என்றால் இன்னும் கூடும். அவன் உண்மையாகப் போட்டிருக்க வேண்டிய பெட்டி ‘வேறு ஆசியப் பின்னணி’. அதைப் போட்டால் எண் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். ‘வேறு ஆசியர்’ பெட்டிக்குள் யாழ்ப்பாணத்தவரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஜப்பானியரும் ஒன்றாக இருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எங்கள் ஆபத்து அதற்குள் கரைந்துபோகும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரத்தில் பிறந்தவருக்கு ஒரு கணக்கு, இந்தப் பக்கம் மன்னாரில் பிறந்தவருக்கு இன்னொரு கணக்கு. இருதயத்துக்குக் கடவுச்சீட்டு தெரியுமா?

ஆகவே இலங்கையிலிருந்து வந்தவர்கள் இப்படிச் செய்யுங்கள். ‘வேறு ஆசியப் பின்னணி’யில் புள்ளடி போட்டு, பக்கத்தில் எழுத இடம் இருந்தால் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதுங்கள். பரிசோதனைக்குப் போகும்போது, ‘நான் தெற்காசியப் பின்னணி, இந்தியர் என்று போட்டால் எவ்வளவு வருகிறது என்றும் ஒருக்கால் பாருங்கள்’ என்று வாய் திறந்து கேளுங்கள். பத்துக்குக் கீழே என்றால் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையைத் தரவே கூடாது என்று விதி இல்லை. ஆபத்து குறைவாகக் கணிக்கப்பட்டிருக்கலாம் என்ற கவலை இருந்தால், பத்துக்குக் கீழேயும் ஸ்டாட்டின் பற்றிப் பேசலாம் என்று மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2023 வழிகாட்டலே சொல்கிறது. முடிவு டொக்டரோடு பேசி எடுப்பது; கேட்பது உங்கள் உரிமை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ‘இந்தியர்’ என்ற பெட்டி தயாராக இருக்கிறது. அதையும் வெறுமையாக விட்டால் நான் என்ன சொல்ல?

கட்டத்தை நிரப்பி, ‘இந்தியர்’ என்றும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் அவனுக்கு மாரடைப்பு வந்திருக்காது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஒரு வருடம் முன்பே குளிசை பற்றிய பேச்சு வந்திருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று இங்கே ஆராயத் தொடங்கி நெடுநாள் ஆகிறது. லண்டனின் சவுத்தோல், பிரென்ட் பகுதிகளில் எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய ஆய்வு பிரபலமானது. பால் மெக்கீக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1991இல் எழுதினார்கள்: தெற்காசியருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, அதிலிருந்துதான் நீரிழிவும் இருதய நோயும் வருகின்றன என்று. இந்த நாட்டில் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. எல்லாம் இரத்தத்தில் எழுதியது என்றும் நினைக்காதீர்கள். இரவு ஷிப்ட், இரண்டு வேலை, பத்து மணிக்குச் சாப்பிடும் சோறு, நெஞ்சு வலித்தால் வாய்வு என்று ஓமத் தண்ணி குடித்துவிட்டுப் படுப்பது, இவையும் சேர்ந்துதான்.

‘நான் மெல்லிசு, எனக்கென்ன’ என்பவர்களுக்கு: சுவரில் ஒட்டியிருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற நிறை) படத்தில் 25 வரை பச்சை நிறம். அது எங்களுக்கான கோடு அல்ல. தெற்காசியருக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 வந்தால் அதிக ஆபத்து என்பதுதான் இங்குள்ள வழிகாட்டல். அதைவிட எளிது ஒரு தையல் நாடா. இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். என் நண்பன் பிஎம்ஐயில் பாஸ், நாடாவில் பெயில்.

நாற்பது ஆகட்டும், கூப்பிடுவார்கள் என்று இருக்கவும் வேண்டாம். தெற்காசியர் 25 வயதிலிருந்தே நீரிழிவு ஆபத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டல் இருக்கிறது. ஆனால் கடிதம் வராது, நீங்கள்தான் கேட்க வேண்டும். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை. முடிவு வந்ததும் பயந்துவிடாதீர்கள், இங்கே அலகு வேறு, ஊரில் 6.5 வீதம் என்ற நீரிழிவுக் கோடு இங்கே 48. 42 முதல் 47 வரை எல்லைக்கோடு. வெறும் வயிற்றுச் சீனி 126 என்றால் இங்கே 7. ஊரிலிருந்து அம்மா போனில் ‘உனக்கு எவ்வளவு’ என்று கேட்கும்போது 7 என்று சொல்லி அவரைச் சந்தோசப்படுத்திவிடாதீர்கள், 18ஆல் பெருக்கிச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியாவோ இருந்தால் எச்பிஏ1சி பிழையான எண்ணைக் காட்டலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறஷர் பார்க்க ஜீபீக்குக் காத்திருக்கவே தேவையில்லை. நாற்பது தாண்டியவர்களுக்கு இங்கிலாந்தில் பல பார்மஸிகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

பிள்ளைத்தாச்சிப் பெண்களும் அந்தக் கட்டத்தை விடக் கூடாது. கர்ப்பகால நீரிழிவுக்கு எங்கள் இனப் பின்னணியே ஒரு காரணியாகக் கணக்கில் வரும். 24 முதல் 28 கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் மிட்வைஃபிடம் கேளுங்கள்.

ரோசுவஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையை எழுதினால், ஆசியப் பின்னணி உள்ளவர்களுக்கு 5 மில்லிகிராமில்தான் தொடங்க வேண்டும், 40 கொடுக்கவே கூடாது. எங்கள் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடுதலாக ஏறும். இதுவும் அந்தக் கட்டத்தில்தான் தங்கியிருக்கிறது. விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியும் கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக் கூடும். மூச்சு முட்டினால் கருவி 95 காட்டுகிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். விற்றமின் டி, கறுத்த தோலுள்ளவர்கள் வருடம் முழுக்க நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். வெயில் காய்ந்த ஊரிலிருந்து வந்து வெயிலைக் குளிசையாக வாங்கிச் சாப்பிடுவது ஒரு கேவலம்தான், என்ன செய்வது.

அப்புறம், அந்தக் கணிப்பான் இனத்தைவிடக் கூடுதலாக எடை கொடுக்கும் ஒரு கேள்வி உண்டு: பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது அறுபது வயதுக்கு முன் இருதய நோய் வந்ததா? என் நண்பன் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருந்தான். அவனுடைய அப்பா இடம்பெயர்ந்திருந்த காலத்தில் 54 வயதில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். ஆஸ்பத்திரி இல்லை, ஈசிஜி இல்லை, எழுதித் தர டொக்டர் இல்லை. யாரும் எழுதித் தராததை இங்கே எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டானாம். சொல்லுங்கள். ‘உறுதிப்படுத்தவில்லை, ஆனால் இப்படித்தான் நடந்தது’ என்று சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் யார் எந்த வயதில் எப்படிப் போனார்கள் என்று அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு, சர்ஜரிக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கொழும்பு எங்களைவிடக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பின்னேரம் வேலை முடிந்து எடுத்தால் அவர்கள் படுத்துவிடுவார்கள், காலையிலேயே எடுங்கள்.