இடது கைக்காரர் விமானச் சண்டை கேம் ஆட நம்பர் பேட் போதும்

மவுஸை இடது கையில் பிடித்துக்கொண்டு, விமானத்தைத் திருப்புகிற டபிள்யூ-ஏ-எஸ்-டி பட்டன்களின் வேலையை அப்படியே கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடுக்கு மாற்றிவிடுங்கள்: மூக்கை இறக்க 8, ஏற்ற 5, இறக்கையைச் சாய்க்க 4, 6, ரடருக்கு (மூக்கை இடம் வலமாகத் திருப்ப) 7, 9, த்ராட்டிலுக்கு (எஞ்சின் வேகத்துக்கு) பிளஸ், மைனஸ். இடது கை ஜாய்ஸ்டிக் தேடி தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய் பர்மா பஜாரில் கடை கடையாக ஏற வேண்டாம், மலிவாகக் கிடைப்பதில் பலவும் வலது உள்ளங்கைக்கென்றே வளைத்தவை. குறி பார்ப்பதுதான் நுணுக்கமான வேலை, அதற்குத்தான் பழகிய கை வேண்டும். மற்றதெல்லாம் பட்டன் அமுக்குவதுதானே. ஏர்பஸ் கேப்டனே இடது கையில்தான் ஸ்டிக்கைப் பிடிக்கிறார்!

ஷிஃப்டை மட்டும் எதற்கும் வைக்காதீர்கள். நம் லாக் (Num Lock) விளக்கு எரியும்போது விண்டோஸில் ஷிஃப்டோடு 8-ஐத் தட்டினால் அது மேல் அம்புக்குறியாகிவிடும், விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. வலது கண்ட்ரோல் நல்லது.

நம்பர் பேட் இல்லாத லேப்டாப் என்றால் ஐ-ஜே-கே-எல். ஆனால் இதெல்லாம் வார் தண்டர் மாதிரி மவுஸால் குறிவைக்கிற கேமுக்குத்தான். டிசிஎஸ் (DCS World) போன்ற முழு சிமுலேட்டரில் சரிப்படாது, பட்டனுக்கு முழுசாக அமுக்கத்தான் தெரியும், நூல் பிடித்தாற்போல் மெல்லத் தூக்கத் தெரியாது. அதற்கு இரண்டு கைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் மாதிரி ஜாய்ஸ்டிக் ஒன்றுக்குக் காசு சேர்க்க வேண்டியதுதான்.