கயிற்றுக் கூடையில் மளிகை: ஊரடங்கில் பெரியவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது எப்படி?

2020 ஜூன். சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா தொற்று அதிகம் என்று தினமும் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். தெரு முனையில் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். 19ஆம் தேதியிலிருந்து 30 வரை மறுபடியும் முழு ஊரடங்கு. மளிகைக்கடை காலை 6 முதல் மதியம் 2 வரைதான், அதுவும் வண்டி எடுக்காமல் பக்கத்துக் கடைக்கு நடந்தே போக வேண்டும், நடுவில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் ஐந்து பேர், காலேஜ் முடித்தும் முடிக்காமலும் வீட்டில் சும்மா கிடந்தவர்கள், தனியாக இருக்கும் பெரியவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கலாம் என்று கிளம்பினோம்.

முதல் வாரம் செய்ததில் பாதிக்கு மேல் தப்பு. அரிசி ஐந்து கிலோ, துவரம் பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர் என்று எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பை கட்டிக்கொண்டு போனோம். மூன்றாவது மாடி ஆயா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன நிவாரணமா கேட்டேன்? காசு கீது, காலுதான் இல்ல" என்றார். சரி, இதற்குப் பிறகு எழுதுவது எல்லாம் அந்த ஆயா திட்டியதிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

ஆளைக் கண்டுபிடிக்க நோட்டீஸ் ஒட்ட வேண்டாம், ஃபார்ம் நிரப்பச் சொல்லவும் வேண்டாம். பால் போடுபவர், இஸ்திரி போடுபவர், கேபிள்காரர், மளிகைக்கடை அண்ணாச்சி, இந்த நாலு பேருக்குத் தெரியாமல் தெருவில் ஒருத்தரும் தனியாக இருக்க முடியாது. அதிலும் அண்ணாச்சியிடம் பற்று நோட்டு இருக்கும். ஆயாவுக்கு மாதம் எவ்வளவு உளுந்து, எந்தச் சோப்பு, எப்போது கணக்கு முடிப்பார் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். எங்களுக்கு அந்த நோட்டு கிடைத்த பிறகுதான் வேலை உருப்பட்டது. ஆனால் நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கடன் பாக்கியும் அதில்தான் இருக்கிறது. ஒரு பையனுக்கு ஆறு ஏழு வீடு போதும். ஆளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இன்றைக்கு ஒருத்தன் நாளைக்கு ஒருத்தன் என்று வந்தால், யாரை நம்பிக் கதவைத் திறப்பது என்று அவர்களுக்குப் பயம் வந்துவிடும்.

லிஸ்ட் எடுப்பதுதான் பெரிய வேலை, கடைக்குப் போவது அதில் கால்வாசிகூட இல்லை. போன் போட்டு "என்ன வேணும் ஆயா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம் கண்ணு" என்றுதான் பதில் வரும். அது உண்மையான பதில் இல்லை. காசு எப்படிக் கொடுப்பது என்று தெரியாத தயக்கம், இல்லாவிட்டால் பையனை எதற்கு அலைய வைப்பது என்ற கூச்சம். காலையில் இருந்து ராத்திரி வரை அடுப்பில் நடப்பதை வரிசையாகக் கேளுங்கள்: எழுந்ததும் டீயா காபியா, பால் நீலப் பாக்கெட்டா பச்சையா, டிபனுக்கு மாவு அரைக்கிறீர்களா இல்லை ரவையா, சாம்பார் வைத்து எத்தனை நாள் ஆச்சு. இப்படிக் கேட்டால் பத்து நிமிஷத்தில் முழு லிஸ்ட்டும் வந்துவிடும், நடுவில் மருமகள் கதையும் வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராண்ட் பெயர் பல பேருக்குத் தெரியாது, கவர் நிறம்தான் தெரியும். காலியான டீத்தூள் கவர், சோப்பு உறை எதையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள், அதைப் பார்த்து வாங்கினால் தப்பே வராது. "ஒரு ஆழாக்கு" என்றால் சிரிக்காமல் அது அவர் வீட்டு டம்ளரில் எவ்வளவு என்று கேளுங்கள். எங்களில் ஒருவனுக்குச் சொந்த ஊர் தெற்கே. ஆயா உடைச்ச கடலை கேட்டார், அவன் கடலைப்பருப்பு வாங்கி வந்தான். இங்கே உடைச்ச கடலை என்றால் பொட்டுக்கடலை என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அன்றைக்குச் சட்னி இல்லாமல் இட்லி சாப்பிட்டேன் என்று ஒரு மாதம் சொல்லிக் காட்டினார்.

வெற்றிலை, பாக்கு, மூக்குப்பொடி, நெத்திலிக் கருவாடு எல்லாம் லிஸ்ட்டில் வரும். இதெல்லாம் அத்தியாவசியமா என்று நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். அறுபது வருஷமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டவருக்கு அதுதான் அத்தியாவசியம். கடையில் கேட்டது இல்லையென்றால் கடையிலிருந்தே போன் செய்து, வேறு எது வாங்கட்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மருந்தில் மட்டும் இந்த "வேறு எது" பேச்சே கூடாது. பழைய அட்டையையும் டாக்டர் சீட்டையும் வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், வாயால் சொன்ன பெயரை நம்பிப் போகாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்து மில்லிகிராம் மாறும், பெயருக்குப் பின்னால் எஸ்ஆர் என்றோ எம் என்றோ எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் மருந்தில் பாதி. இன்சுலின் வாங்கினால் குப்பியில் 40 என்று போட்டிருந்தால் ஊசியும் 40 போட்டதாகத்தான் இருக்க வேண்டும், 100 போட்ட ஊசியை மாற்றிக் கொடுத்துவிட்டால் அளவு தப்பிவிடும். வெயிலில் கொண்டுபோகும்போது ஐஸ் பையில் வையுங்கள், ஆனால் குப்பி ஐஸ்மேல் படாமல் துணியில் சுற்றி வையுங்கள், உறைந்துபோன இன்சுலின் வீண். அட்டையில் ஐந்து நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுவது நல்லது. சந்தேகம் வந்தால் மருத்துவ ஆலோசனைக்கான 104க்குப் போன் செய்து கேளுங்கள், நீங்களே டாக்டர் ஆகாதீர்கள்.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். பில் இல்லாத கடையில் அண்ணாச்சியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி, சீட்டையும் மீதிச் சில்லறையையும் ஒரே கவரில் போட்டுக் கொடுங்கள். "அஞ்சு ரூபாய் நீயே வச்சிக்க நைனா" என்பார்கள், வாங்காதீர்கள். ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவை நாமும் எதிர்பார்ப்போம் என்பது வேறு விஷயம், அவர்கள் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டுமோ என்று நினைத்துச் சாமானைக் குறைத்துவிடுவார்கள், அதுதான் சிக்கல். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். பெங்களூரில் இருக்கும் மகன் ஜிபேயில் போடுகிறேன் என்றால் சரி, ஆனால் பில்லை அவருக்கு அனுப்பலாமா என்று முதலில் ஆயாவைக் கேளுங்கள், மூக்குப்பொடி அதில் இருக்கலாம். உண்மையிலேயே கையில் காசு இல்லாதவர் என்றால், தெருவில் யாராவது அண்ணாச்சியின் நோட்டில் சத்தமில்லாமல் கணக்கை நேர் செய்யட்டும். பையோடு நிற்க வைத்து போட்டோ எடுக்கும் வேலை யாருக்குமே வேண்டாம்.

கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எங்களுக்குக் கைகொடுத்தது கயிறு கட்டிய கூடை. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் லிப்ட் இல்லை, படிக்கட்டு குறுகல், இருட்டு, காற்றே வராது. வைரஸ் முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது என்பது எங்களுக்குப் பின்னால்தான் உறைத்தது, அதுவரை பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, படிக்கட்டில் மூச்சு வாங்க நின்று பேசிக்கொண்டிருந்தோம். திறந்த இடம்தான் பாதுகாப்பு, அதனால் பால்கனியிலிருந்து கூடை இறங்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், இழுப்பது வயதான கை. முட்டை தனியாக, எண்ணெய் தனியாக. கூடை இல்லாத வீட்டில் பையைக் கதவுக் கொண்டியில் மாட்டி, தட்டிவிட்டு, ஆறடி தள்ளி நில்லுங்கள். காது மந்தமானவர் என்றால் மாஸ்க்கை இறக்கிக் கத்தாதீர்கள், அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். உங்களுக்குக் காய்ச்சலோ வாசனை தெரியாமலோ இருந்தால் அன்றைக்கே நிறுத்தி, நீங்கள் போன வீடுகளுக்கெல்லாம் போன் செய்து சொல்லிவிட்டு, வேறு பையனிடம் லிஸ்ட்டை ஒப்படையுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

அரிசி பருப்பு மட்டும் போதாது. அடிபம்பில் தண்ணி வருகிறதா, குடத்தை யார் தூக்குகிறார்கள், கேஸ் எப்போது மாற்றியது என்று வாரம் ஒரு தடவை கேளுங்கள். மேல்மாடிக்கு 20 லிட்டர் கேன் ஏற்ற இரண்டு பேர் போங்கள். ரேஷனுக்கு, வர முடியாதவர் சார்பில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது, முன்கூட்டியே கொடுத்து வைப்பது நல்லது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொடுக்க ஆரம்பித்தார்கள், பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

ஊரடங்கில் கடை நேரமும் சடாரென்று மாறும். 2021 மே 10ஆம் தேதி கடை மதியம் 12 வரை என்றார்கள், ஐந்தே நாளில் காலை 10 மணி என்று ஆனது, 24ஆம் தேதி மளிகைக்கடையே மூடியாச்சு. அதனால் எல்லா வீட்டிலும் ஒரு வாரச் சாமான் எப்போதும் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாட்டிய பை இன்றைக்கும் கொண்டியில் அப்படியே தொங்கினால் மட்டும், மற்ற எல்லா வீட்டையும் விட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். போன் அடியுங்கள், பக்கத்து வீட்டைத் தட்டுங்கள், பதில் இல்லையென்றால் 108. எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆனது. அரை மணி நேரம் தட்டி, பூட்டை உடைக்க ஆள் கூப்பிடப்போன நேரத்தில் கதவு திறந்தது. ஆயா, காலையில் மாத்திரை போட்டுத் தூங்கிப்போயிருக்கிறார். பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெத்தல வாடிப்போச்சு, மாத்தி வாங்கினு வா" என்றார்.