எஞ்சின் ஓடுகிறது, ஆர்க் வரவில்லை: வெல்டிங் ஜெனரேட்டரைச் சரிசெய்த விதம்

எஞ்சின் முழு வேகத்தில் சீராக ஓடியது. வெல்டிங்கும் இல்லை, பிளக் சாக்கெட்டிலும் கரண்ட் இல்லை. இரண்டும் சேர்ந்து போனால் பெரும்பாலும் ரோட்டருக்கு (சுழலும் பகுதி) எக்ஸைட்டேஷன், அதாவது அதைக் காந்தமாக்கும் மின்சாரம், போகாததுதான் காரணம். வெல்டிங் மட்டும் வராவிட்டால் முதல் சந்தேகம் எர்த் கிளாம்ப் (வெல்ட் செய்யும் இரும்பில் மாட்டும் கவ்வி).

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஆறிய பிறகே மூடியைத் திறந்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் அழுத்தமே இல்லை. பிரஷ் உரசி ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் ஸ்லிப் ரிங்கில் கறுப்புப் படலம். நைஸான உப்புத்தாளால் தேய்த்தேன். எமரி தாள் வேண்டவே வேண்டாம், அதன் தூள் மின்சாரம் கடத்தும். இரு ரிங்குகளுக்கு இடையே மல்டிமீட்டர் குறைந்த ஓம் காட்ட வேண்டும் (அளவு மாடலுக்கு மாடல் மாறும்). ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. இரண்டும் சரியாக இருந்ததால் பிரஷ்களை ஜோடியாக மாற்றினேன். ஆர்க் வந்துவிட்டது.

அதன் பிறகும் வோல்டேஜ் எழாவிட்டால், நெடுநாள் சும்மா கிடந்த மெஷினில் மின்சாரம் உருவாகத் தொடங்கத் தேவையான, இரும்பில் எஞ்சிய காந்தம் போயிருக்கலாம். 12 வோல்ட் பேட்டரியால் ஃபீல்டை (ரோட்டரின் சுருளை) சில நொடி தூண்டலாம். அந்த மாடலின் கையேட்டில் சொன்ன முறைப்படி மட்டும். பிளஸ், மைனஸ் மாறினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விடலாம்.

சோதனை ஓட்டம் திறந்தவெளியில்தான். கதவு திறந்த ஷெட்டிலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும்.