ஆஸ்துமா உள்ள குழந்தையின் வீட்டில் நல்லெண்ணத்தோடு நடக்கும் தவறுகள்

ஆஸ்துமா இருக்கும் குழந்தைக்கு ஐஸ்கிரீம் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, தயிர் கிடையாது, மழையில் தலைகாட்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளை நம் வீடுகளில் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். அதே குழந்தை தூங்கும் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்திவைத்தால் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. குறிப்பிட்ட உணவுக்கு ஒவ்வாமை இருக்கிறது என்று உறுதியானால் ஒழிய, வாழைப்பழமும் தயிரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இளைப்பை உண்டாக்குவதில்லை. புகை உண்டாக்கும்.

சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட கொசுவர்த்திச் சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையில் இருப்பவற்றுக்குச் சமம் என்று அதில் கண்டார்கள். குழந்தையின் தலைமாட்டில் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். டெங்கு பயம் நியாயமானதுதான். கொசுவைத் தடுக்காமல் இருக்க முடியாது. அதற்குக் கொசுவலையும் ஜன்னலில் அடிக்கும் வலையும் போதும். பிளக்கில் செருகும் திரவ மருந்தில் புகை இல்லை என்றாலும் அதன் ஆவியே சில குழந்தைகளுக்கு இருமலைக் கிளப்பும்.

சாம்பிராணியைப் பற்றிப் பேசினால் வீட்டுப் பெரியவர்களுக்கு வருத்தம் வரும். தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தையை மடியில் கிடத்தி, தணலில் சாம்பிராணி தூவி, முடியைப் புகையில் உலர்த்துவது தலைமுறைகளாக வந்த அன்பு. சளி பிடிக்காது என்ற நம்பிக்கையில் செய்கிறார்கள். ஆனால் கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் எழுகின்றன. சுருங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் மூச்சுக்குழாய்க்கு அது நேரடியான சீண்டல். ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ என்ற பெயரில் கடையில் கிடைப்பதும் புகைதான். ஈரத்தை நல்ல துண்டால் ஒற்றி எடுத்தாலே போதும். பூஜைக்கு விளக்கை மட்டும் ஏற்றலாம். ஊதுபத்தி வேண்டுமென்றால் வாசலில் இருக்கட்டும். பால்கனியில் நின்று சிகரெட் பிடிக்கும் அப்பாவும் புகையைச் சட்டையிலும் தலைமுடியிலும் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறார். வரமிளகாய் தாளிக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், குழந்தை சமையலறையில் இல்லாமல் இருக்கட்டும்.

அடுத்தது படுக்கை. தூசு என்றதும் எல்லோரும் தெருவைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் குழந்தை எட்டு, ஒன்பது மணி நேரம் முகம் புதைத்துக் கிடப்பது மெத்தையிலும் தலையணையிலும். அங்கே கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கின்றன. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவற்றுக்குத் திண்டாட்டம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேயே இருக்கிறது. ஒவ்வாமையைத் தூண்டுவது முக்கியமாக இந்தப் பூச்சிகளின் கழிவில் இருக்கும் புரதம். அதனால்தான் மெத்தையை வெயிலில் போடுவது நல்லது என்றாலும் அதோடு வேலை முடிவதில்லை: பூச்சி செத்தாலும் கழிவு அங்கேயே இருக்கும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை சுமார் 60 டிகிரி சூட்டு வெந்நீரில் துவைத்தால் இரண்டும் போகும். மெத்தையைத் தட்டுவது, ஒட்டடை அடிப்பது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது எல்லாம் குழந்தை பக்கத்தில் இல்லாதபோது நடக்க வேண்டும். ஈரத்துணியால் துடைப்பது அதைவிட மேல். மின்விசிறி இறக்கைகளை மறந்துவிடுகிறோம், ஏ.சி. வடிகட்டியையும்தான்.

இங்கே பலரும் செய்யும் பிழை, ஏதோ ஒரு பொருளை வாங்கிவிட்டு நிம்மதியடைவது. பிரிட்டனில் பெரியவர்களிடம் நடந்து 2003-ல் வெளியான பெரிய ஆய்வில், தூசுப்பூச்சி புகாத மெத்தை உறையை மட்டும் மாட்டியதால் ஆஸ்துமா குறையவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சோதித்து, படுக்கை, புகை, கரப்பான், பூஞ்சை என அந்த வீட்டில் இருந்த தூண்டுதல்களை ஒன்றாகக் கையாண்டார்கள். இளைப்பு வரும் நாட்கள் குறைந்தன. விலை உயர்ந்த காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க நினைக்கும் பெற்றோர் முதலில் இதை யோசிக்கலாம்.

கரப்பான்பூச்சியை அருவருப்பான பிராணி என்று மட்டுமே பார்க்கிறோம். அதன் எச்சம், எச்சில், உதிர்ந்த உடல் துணுக்குகள் ஆகியவை ஆஸ்துமாவை மோசமாக்கும். ஸ்ப்ரே அடிப்பது இரட்டைத் தவறு: அதன் நெடியே இளைப்பைக் கிளப்பும், செத்த பூச்சியின் துகள்களும் அலமாரிக்குப் பின்னால் மாதக்கணக்கில் தங்கும். இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவைக்காமல், குப்பைக்கூடையை மூடி, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, குழந்தைக்கு எட்டாத இடுக்குகளில் ஜெல் மருந்து வைத்தால் போதும். பிறகு சிலிண்டருக்குப் பின்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சுவரில் ஓதம் ஏறி, கருப்பாகப் பூஞ்சை படரும். பொங்கலுக்கு அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் சில மாதங்களில் அது திரும்ப வரும். கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகுதான் வண்ணம். பெயின்ட் நெடி போகும்வரை குழந்தை வேறு அறையில் தூங்கட்டும்.

வீட்டைச் சுத்தம் செய்து, குழந்தை நன்றாக இருக்கிறது என்று கண்டதும் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தை அந்த மருந்து அடக்கிவைத்திருக்கிறது. அளவைக் குறைப்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். இன்ஹேலர் பழக்கமாகி அடிமையாக்கிவிடும் என்பதும் உண்மை இல்லை. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தாலோ, குழந்தையால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கஷாயம், ஆவி என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) பொருத்திக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.