களை மண்டிய காய்கறித் தோட்டம்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

இரண்டு மாதம் எட்டிப் பார்க்காமல் விட்ட காய்கறித் தோட்டத்துக்குள் காலை வைத்ததும் முதலில் வருவது கோபம்தான். கத்தரி எது, களை எது என்று பிரித்தறிய முடியாதபடி இடுப்பளவு பச்சை. அந்தக் கோபத்தோடு மண்வெட்டியை எடுத்து ஒரு மூலையிலிருந்து வெட்டிப் புரட்டத் தொடங்குவோம். மாலைக்குள் மண் புதிதாகப் புரண்டு கிடக்கும், பார்க்க நிறைவாக இருக்கும். மூன்று வாரம் கழித்துப் போனால் முன்பைவிட நெருக்கமாக முளைத்து நிற்கும். நானும் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை பட்டும் திருந்தாமல் மறுமுறையும் செய்தேன்.

எங்கே பிசகியது என்றால், வெளியே தெரியும் பச்சையைத்தான் களை என்று நினைத்தேன். அது மண்ணுக்குள் கிடக்கும் சேமிப்பின் வட்டி மட்டுமே. முதல் உள்ளே இருக்கிறது, விதையாகவும் கிழங்காகவும். 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் பலவகைச் செடிகளின் விதைகளை ஈரமணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். 2021இல் தோண்டி எடுத்த புட்டியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. 141 ஆண்டுக்கும் மேலான உறக்கம்! எல்லாக் களை விதைகளும் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அழுகியோ, எறும்புக்கும் வண்டுக்கும் இரையாகியோ தீர்ந்துவிடும். புதிய விதை விழாமல் பார்த்துக்கொண்டால் அந்தச் சேமிப்பு தானாகக் கரையும். கீழே வரும் தவறுகள் எல்லாமே, ஏதோ ஒரு வகையில், அந்தச் சேமிப்பில் மேலும் போடுகிற தவறுகள்.

முதலில் கொத்திப் புரட்டுவது

சிறிய களை விதைகள் மேல்மண்ணின் இரண்டு மூன்று சென்டிமீட்டரிலிருந்துதான் முளைத்து வெளிவர முடியும். அவற்றில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், சிலவற்றுக்கு நொடிநேரம் பட்டாலே போதும். ஆழத்தில் உறங்கும் விதையை மண்வெட்டியால் மேலே கொண்டுவந்து வெயிலைக் காட்டி மறுபடி மண்ணில் போடுவது, நாமே விதைப்பதற்குச் சமம்.

விதையாவது பரவாயில்லை. கோரை இருக்கும் இடத்தில் புரட்டுவது அதைவிட மோசம். கோரையின் கிழங்குகள் மண்ணுக்கடியில் ஒரு சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. நுனிக் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் அடங்கியிருக்கும். சங்கிலியை அறுத்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடுகிறது. அருகம்புல்லும் இதே கதைதான்: கணுவோடு கூடிய ஒரு விரல்கடைத் துண்டு போதும், அது ஒரு புல்லாகிவிடும். இந்த இரண்டும் இருக்கும் தோட்டத்தில் உழவு இயந்திரத்தை ஓட்டுவது, நாற்று நடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தது போலத்தான்.

புரட்டவே கூடாது என்று சொல்லவில்லை. அருகம்புல் நிற்கும் இடத்தை முள்கரண்டிபோல் இருக்கும் தோட்டக் கவையால் நெம்பித் தளர்த்தி, தண்டை அறுக்காமல் நீளமாக உருவி எடுக்கலாம். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒரு நாளில் ஒரு பாத்தி முடிந்தாலே பெரிது.

ஒரு மூலையிலிருந்து சுத்தமாகச் செய்துகொண்டு வருவது

ஒழுங்கானவர்கள் செய்யும் தவறு இது. இந்த மூலையைப் பளிங்காக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மூலையில் களைகள் பூத்து, காய்த்து, விதை சிந்திக்கொண்டிருக்கும். மண்டிய தோட்டத்தில் முதல் சுற்று ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: பூவும் விதையும் தாங்கிய தலைகளைக் கொய்வது. கையில் கத்தரிக்கோல், இடுப்பில் ஒரு பை. வேரைத் தொட வேண்டாம், மண்ணைத் தொட வேண்டாம். தோட்டம் முழுவதும் இப்படி ஒரு நடை நடந்துவிட்டால் அடுத்த சில ஆண்டுகளின் வேலை அன்றைக்கே குறைந்துவிடும். மிகைப்படுத்தவில்லை. தரையோடு படரும் பருப்புக்கீரையின் நன்கு வளர்ந்த ஒரே செடி இரண்டு லட்சத்துக்கும் மேல் விதை தரக்கூடியது.

உள்ளே கை விடும் முன் ஒரு கோலால் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டிய பச்சைக்குள் குடியிருப்பது களை மட்டுமல்ல. பார்த்தீனியம் என்ற களை இருந்தால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அதைத் தொட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் திடீரென்று தோல் அழற்சி வந்தவர்கள் உண்டு. பூத்தபின் அதை உலுக்கிப் பிடுங்குவது இன்னும் ஆபத்து.

இரண்டாம் சுற்றில்தான் காய்கறிச் செடிகளைத் தேட வேண்டும். இங்கே இரண்டு விஷயங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. தக்காளியை ஒட்டி வளர்ந்த பெரிய களையைப் பிடுங்கினால் இரண்டின் வேர்களும் பின்னிக் கிடப்பதால் தக்காளியும் அசைந்துவிடும். அதைப் பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்துவிடுங்கள். மறுபடி துளிர்த்தால் மறுபடி அறுக்கலாம், அதற்குள் தக்காளி தேறிவிடும். இரண்டாவது, வெயில். வாரக்கணக்கில் நிழலிலேயே இருந்த செடியைச் சுற்றி ஒரே நாளில் எல்லாவற்றையும் அகற்றினால், உச்சி வெயில் நேராக விழுந்து மென்மையான இலையும் தக்காளி, மிளகாய்க் காய்களும் வெந்து வெளுக்கும். மாலையில் தொடங்கி, ஒரு வாரத்தில் இரண்டு மூன்று தவணையாகத் திறந்துவிடுங்கள்.

சில வரிசைகள் தேறாது. அதை ஒப்புக்கொள்வதும் வேலையில் சேர்த்திதான். காய்கறிகள் களையால் அதிகம் அடிபடுவது இளமையில், நட்ட முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில். அந்தக் காலத்தில் மூச்சுத் திணறி நூலாக வளர்ந்துவிட்ட செடியை இப்போது விடுவித்தாலும் இழந்த விளைச்சல் திரும்பி வராது. வெங்காயமும் கேரட்டும் தங்கள் இலையால் மண்ணுக்கு நிழல் தராத பயிர்கள். அவற்றுக்குக் கடைசிவரை களையெடுக்க வேண்டும். அவை களைப் புதருக்குள் அகப்பட்டிருந்தால் நான் தேடக்கூட மாட்டேன். அந்தப் பாத்தியை மூடிவிட்டு அடுத்த முறை பார்த்துக்கொள்வேன்.

ஈரத்தில் கொத்துவது, காய்ந்த மண்ணில் பிடுங்குவது

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கையால் பிடுங்குவதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வேர் முழுதாக வரும். களைக்கொத்தால் சுரண்டுவதற்கு மேல்மண் காய்ந்திருக்க வேண்டும், வெயிலும் அடிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் கொத்தினால் அறுந்த களை அங்கேயே மறுபடி வேர் பிடிக்கும்.

கொத்து கூராக இருக்கட்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். களையைக் கொல்ல மிகச் சிறந்த நேரம், அது கண்ணுக்கே சரியாகத் தெரியாத நேரம். மேல்மண்ணை விரலால் கீறினால் வெள்ளை நூல் போல் முளைகள் தெரியும். அந்தப் பருவத்தில் மண்ணைச் சற்று அசைத்தாலே காய்ந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சுரண்டுவது, மாதத்துக்கு ஒருமுறை அரைநாள் முதுகை ஒடித்துக்கொள்வதைவிட மேல் என்று தெரிந்தும் அந்தப் பத்து நிமிடம் ஏனோ கிடைப்பதில்லை.

பிடுங்கியதைப் பக்கத்திலேயே போடுவது

பருப்புக்கீரையைப் பிடுங்கி வரப்பில் போட்டால், தண்டில் இருக்கும் நீரைக் கொண்டே நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண் பட்டால் வேர் விடும். பூத்திருந்தால், பிடுங்கிய பிறகும் விதையை முற்றவைத்துவிடும். விதை பிடித்த களைகளை மக்கு உரக் குழியில் போடுவதும் சிக்கல்தான். விதை சாக, குவியலின் உட்புறம் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ்வரை சில நாள்களாவது சூடேற வேண்டும், அதுவும் புரட்டிப் புரட்டி எல்லாப் பகுதிக்கும். வீட்டில் போடும் சிறு குவியல் அந்தச் சூட்டை அபூர்வமாகவே தொடும். பூக்காத இளங்களைகளைத் தாராளமாகப் போடலாம். கோரைக் கிழங்கையும் அருகம்புல் தண்டையும் சிமென்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் நொறுங்கும்வரை காயவிட்டபின் போடுங்கள்.

அரைகுறை மூடாக்கு

களைக்கு எதிரான வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது மூடாக்கு, அதாவது மண்ணை வைக்கோல், சருகு போன்றவற்றால் மூடிவைப்பது. ஆனால் அதைப் பூசணிக்காய்க்கு மஞ்சள் தூவுவது போலத் தூவினால் பயனில்லை. ஒரு விரல் கனத்துக்கு வைக்கோல் போட்டால் மண் ஈரமாக இருக்கும், களையும் சுகமாக வளரும். எட்டுப் பத்து சென்டிமீட்டராவது வேண்டும். சருகும் வைக்கோலும் அமுங்கிக் குறைந்துகொண்டே வரும், மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விதை முற்றிய உலர்புல்லைப் போட்டால் அதுவே அடுத்த களை. காய்கறித் தண்டை ஒட்டிக் குவிக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

மண்டிய பாத்திக்கு அட்டைப்பெட்டி நல்ல துணை. களையைத் தரைமட்டமாக அறுத்து, தண்ணீர் ஊற்றி, பசைநாடா கிழித்த அட்டைகளை ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு பரப்பி, மேலே சருகை நிரப்பினால் பெரும்பாலான களைகள் வெளிச்சமின்றி மடியும். கோரை மட்டும் சிரிக்கும். அதன் கூர்நுனி பிளாஸ்டிக் விரிப்பையே துளைத்து வரும்.

பிளாஸ்டிக் விரிப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. வெயிலால் மண்ணைச் சுடவைத்து விதைகளைக் கொல்ல வேண்டுமானால் ஒளிபுகும் விரிப்பு வேண்டும். மண்ணை நனைத்து, ஓரங்களை இறுக்கி, கடும் வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம். கறுப்பு விரிப்பு அந்த அளவுக்குச் சுடாது. அது வெளிச்சத்தை மறைத்துக் கொல்லும்.

உப்பும் வினிகரும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு களையைக் கொல்லும், பிறகு காய்கறியையும் கொல்லும், மண் பல காலம் தேறாது. சமையல் வினிகர் இலையைத்தான் கருக்கும், வேரிலிருந்து பலவும் மறுபடி வரும். இலையில் தெளிக்கும் களைக்கொல்லிகள் மண்ணில் உறங்கும் விதைகளை ஒன்றும் செய்வதில்லை. காற்றில் ஒரு தூறல் பறந்தால் தக்காளி இலைதான் முதலில் சுருளும். காய்கறிப் பாத்திகளுக்கு நடுவில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

வெறும் மண்ணாக விடுவது

அன்றைக்கே மூடவோ நடவோ முடிந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள். மீதியை அறுத்து மட்டும் வையுங்கள். விதைக்கப்போகும் பாத்தி என்றால், அதைத் தயார் செய்து, விதைக்காமல், தண்ணீர் மட்டும் விட்டுப் பத்துப் பதினான்கு நாள் காத்திருங்கள். களைகள் நம்பி முளைக்கும். மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, மண்ணை ஆழமாகக் கிளறாமல் விதையுங்கள். பாத்தி முழுவதும் பாய்ச்சாமல் செடியின் தூரில் மட்டும் தண்ணீரும் எருவும் கொடுத்தால், இடைவெளியில் இருப்பவை பட்டினி கிடக்கும். கோரைக்கு வேறு குறுக்கு வழி கிடையாது. தலை நீட்டும்போதெல்லாம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு வற்றும். நிழல் அதற்குப் பிடிக்காது. அந்த இடத்தில் பூசணி போல அடர்ந்து படரும் கொடியை விடலாம்.

தூவி விதைக்காதீர்கள், வரிசையாக விதையுங்கள். வரிசைக்கு வெளியே முளைப்பது எல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு கேரட் பாத்தியைப் பலி கொடுத்தேன். ஒரு காலை முழுவதும் குனிந்து, பூப்போலப் பொறுமையாகக் கேரட் முளைகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டு, களைகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் கேரட் விதையோடு கொஞ்சம் முள்ளங்கி விதையும் கலந்துவிடுகிறேன். கேரட் முளைக்க இரண்டு வாரம் ஆகலாம். முள்ளங்கி நாலைந்து நாளில் எட்டிப் பார்த்து வரிசை இதுதான் என்று காட்டிவிடும், கேரட் பருக்கும் முன்பே அறுவடைக்கும் வந்துவிடும்.