கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கல்லூரி நாட்களில் பந்தாட்டத்தில் பெயரெடுத்து, பின்னர் உடற்கல்வி இயக்குநராகவோ மாவட்டப் பயிற்சியாளராகவோ முப்பது ஆண்டுகள் விசில் ஊதிய ஒருவர் ஓய்வு பெறும்போது, அவரிடம் பயின்றவர்கள் கூடிப் பணி நிறைவு மலர் ஒன்றைக் கொண்டுவருவது கோவை, ஈரோடு, சேலம் பக்கங்களில் உண்டு. அந்த மலரில் வாழ்த்துரைகள் நிறைந்திருக்கும். வாழ்க்கை மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். பிறந்த ஊர், படித்த கல்லூரி, வென்ற கோப்பைகள், வகித்த பொறுப்புகள் என்று போகும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் பெயரை மாற்றிவிட்டால் வேறொருவரின் வாழ்க்கையாகவும் அது செல்லுபடியாகும். அப்படியன்றி நாற்பது, ஐம்பது பக்கங்களில் அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக எழுத விரும்புகிறவர்களுக்காகவே இவ்வழிமுறைகளைத் தருகிறேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. ஆடிய காலம் பெரும்பாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டாது. பயிற்றுவித்த காலம் அதைப் போல மூன்று மடங்கு இருக்கும். ஆனால் கதை சொல்பவர்கள் எல்லாரும் கோல்களையே சொல்வார்கள் என்பதால், எழுதுகிறவர் கவனமாக இல்லாவிட்டால் அந்தப் பத்து ஆண்டுகளே நூலின் முக்கால் பங்கை விழுங்கிவிடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீமை நினைத்துப் பாருங்கள். அவர் உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஆயினும் அவர் பெயர் நிலைத்திருப்பது 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற அணிகளின் பயிற்சியாளர் என்பதற்காக. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அணிக்காக. ஜகார்த்தாவில், தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசையில் இறக்கினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஜர்னைல் ஒரு கோல் அடிக்க, இந்தியா 2–1 என்று வென்றது. அந்த ஒரு முடிவை மட்டும் நன்றாக விளக்கினாலே ரஹீம் எத்தகைய பயிற்சியாளர் என்பது விளங்கிவிடும். நீங்கள் எழுதப்போகிறவரிடமும் அத்தகைய முடிவுகளையே தேட வேண்டும். அவர் போட்ட கோல்கள் அதற்கு முன்னுரை.

நேர்காணலுக்குப் போவதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள். நினைவு ஆளுக்கேற்ப வளையும். காகிதமும் தவறும், ஆனால் எங்கே தவறும் என்பதை ஓரளவு கணிக்க முடியும். கல்லூரி ஆண்டு மலர், விளையாட்டு விழா அழைப்பிதழ், பல்கலைக்கழகச் சான்றிதழ், பழைய நாளிதழ் நறுக்குகள் ஆகியவற்றோடு, சட்டமிட்டு மாட்டிய அணிப் புகைப்படம் எல்லாவற்றிலும் மேலானது. நடுவில் முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும் நாற்காலியில் இருக்க, தரையில் அமர்ந்திருக்கும் இருவருக்கிடையே சுண்ணாம்பால் ஆண்டெழுதிய பந்து இருக்கும். கீழே அட்டையில் ‘நிற்பவர்கள் இடமிருந்து வலமாக’ என்று பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். சட்டத்தைக் கழற்றி அட்டையின் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையோ பென்சிலில் எழுதிய தேதியோ சில சமயம் அங்கே கிடைக்கும். பெயர்களைப் படியெடுக்கும்போது தலைப்பெழுத்தை விடாதீர்கள். கொங்கு நாட்டுக் கல்லூரி அணி எதிலும் பழனிசாமி ஒருவராவது இருப்பார். மூவர் இருந்தாலும் வியப்பதற்கில்லை. தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும் இல்லாமல் எழுதினால், ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். பந்தில் ‘1978–79’ என்றிருந்தால் அது கல்வியாண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். போட்டி நடந்தது எந்த ஆண்டு என்பதைத் தனியாக உறுதிசெய்ய வேண்டும்.

இவ்வகை வாழ்க்கைக் குறிப்புகளில் மிகுதியாகப் பிழை நேர்வது பல்கலைக்கழகத்தின் பெயரிலும் மாவட்டத்தின் பெயரிலும்தான். பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றியது. அதற்கு முன் கோவையில் படித்த ஒருவர் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார் என்றால், அது சென்னைப் பல்கலைக்கழக அணி. அதாவது சென்னையின் பெரிய கல்லூரிகளில் இருந்து வந்தவர்களோடு போட்டியிட்டு இடம்பிடித்திருக்கிறார் என்று பொருள். இது வெறும் பெயர்த் திருத்தமன்று, அவருடைய தகுதியைப் பற்றிய செய்தி. சேலம், நாமக்கல் பகுதிக் கல்லூரிகளோ 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் உருவாகும் வரை சென்னையோடுதான் இருந்தன. கரூர்ப் பக்கத்தவர் என்றால் திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். பொறியியல் படித்தவரானால் இன்னும் சிக்கல். கோவைக்கென்று 2007இல் தனியாக ஓர் அண்ணா பல்கலைக்கழகம் பிரிந்து, சில ஆண்டுகளில் மீண்டும் சென்னையோடு இணைந்துவிட்டது.

மாவட்டங்களும் அப்படியே. ஈரோடு 1979இல்தான் கோவையிலிருந்து பிரிந்தது. அப்போது அதன் பெயர் பெரியார் மாவட்டம், ஈரோடு மாவட்டம் என்ற பெயர் 1996இல் வந்தது. நாமக்கல் 1997 வரை சேலத்தோடு இருந்தது. திருப்பூர் மாவட்டம் 2009இல் தோன்றியது. ஆகவே திருப்பூர்க்காரர் ஒருவர் 1995இல் கோவை மாவட்ட அணிக்கு ஆடியதில் முரண்பாடு ஏதுமில்லை. அதே ஆண்டில் தாராபுரத்துக்காரர் ஆடியிருக்கக்கூடியது பெரியார் மாவட்ட அணிக்கு. ரயில்வே அணியில் சேர்ந்தவரைப் பற்றி எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். சேலம் கோட்டம் 2007இல் உருவானது. அதற்கு முன் கோவை பாலக்காட்டுக் கோட்டத்தில் இருந்தது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைக்கு 1960களில் ஆடியவர் என்றால், மாநிலத்தின் பெயர் அப்போது மதராஸ். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆட்ட விதிகளையும் ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் முதன்முதலில் 1970 உலகக் கோப்பையில்தான் அறிமுகமாயின. 1967இல் நடந்த கல்லூரி ஆட்டத்தில் நடுவர் சிவப்பு அட்டை காட்டினார் என்று யாராவது சொன்னால், வெளியேற்றியது உண்மையாக இருக்கலாம், அட்டை பின்னால் ஒட்டிக்கொண்டது. தன் அணி வீரர் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் நேரத்தைக் கடத்தும் உத்தி எப்படி இருந்தது என்று கேட்டால், நல்ல பயிற்சியாளரிடமிருந்து அரைமணி நேரப் பேச்சு கிடைக்கும்.

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குச் செல்லுங்கள். “உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள்” என்று தொடங்கினால் மேடைப் பேச்சுதான் வரும். “ஏனுங்க சார், முதல் பூட்ஸ் எங்கீங்க வாங்குனீங்க, என்ன வெலைங்க?” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டின் நிலை, அப்பாவின் கோபம், விடுதி நண்பனின் உதவி, தோட்டத்து வேலைக்கும் பயிற்சிக்கும் இடையே ஓடிய ஓட்டம் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் பின்னாலேயே வரும். எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று கேட்டால், ‘இன்சைட் லெஃப்ட்’ என்றோ ‘ஸ்டாப்பர் பேக்’ என்றோ சொல்வார். இன்றைய இளைஞர்களுக்கு அச்சொற்கள் விளங்கமாட்டா. அவர் முன் பதினொரு நாணயங்களை வைத்து, அணி நின்ற விதத்தை மேசையின் மேல் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கை நாணயத்தை நகர்த்தும்போது, வாய் சொல்ல மறந்தவையும் வெளிவரும். மேற்குக் கொங்கில் வளர்ந்தவராக இருந்தால் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குப் போய் ‘செவன்ஸ்’ ஆடியதுண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சிறிய மைதானத்தில் ஏழு பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் கோல்கள் மலிவு. அவற்றைப் பதினொருவர் ஆட்டக் கோல்களோடு கூட்டி மொத்தக் கணக்கு எழுதுவது சரியன்று.

ஆட்டக்காரர் எப்போது, ஏன் பயிற்சியாளரானார் என்ற பகுதியில்தான் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். ‘பின்னர் பயிற்சித் துறையில் தடம் பதித்தார்’ என்ற ஒரு வரியில் ஒரு மனிதரின் மிகக் கடினமான இரண்டு, மூன்று ஆண்டுகள் மறைந்துபோகின்றன. முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். சென்னை வங்கி அணியிலோ ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அணியிலோ கிடைக்கவிருந்த வேலை கைநழுவியிருக்கலாம். தந்தை இறந்து காட்டை, அதாவது விவசாய நிலத்தை, பார்க்க ஊர் திரும்பியிருக்கலாம். காயம் என்றால் எந்தக் கால், எந்த மைதானம், பிறகு யார் கட்டுப் போட்டது, அறுவை சிகிச்சை நடந்ததா, எத்தனை மாதம் படி ஏற முடியவில்லை என்பது வரை கேட்டு எழுதுங்கள். அதன்பின் படித்த படிப்பைத் துல்லியமாகக் குறிப்பிடுங்கள். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியா, பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்யாலயத்தின் மாருதி கல்லூரியா என்பது முக்கியம். ஏனெனில் ஒரே பிரிவில் படித்தவர்களே பின்னாளில் மாவட்டம் மாவட்டமாக உடற்கல்வி இயக்குநர்களாக இருந்து ஒருவருக்கொருவர் நட்புமுறை ஆட்டங்களை ஏற்பாடு செய்திருப்பார்கள். ‘என்.ஐ.எஸ். கோச்’ என்று ஊரில் சொன்னால், 1961இல் பட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் முழுப் பட்டயமா, ஆறு வாரச் சான்றிதழா என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். இளையவராக இருந்தால் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமமா, அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பு ஏற்கும் சி, பி, ஏ உரிமங்களில் எதுவரை சென்றார் என்பதை எழுத வேண்டும்.

அடுத்து, அவர் இன்னும் மைதானத்துக்குப் போகிறவராக இருந்தால், ஒரு பயிற்சியையாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஓரமாக நின்று பாருங்கள். கேள்வி ஒன்றும் கேட்காதீர்கள். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், கோன்களை அவரே அடுக்குகிறாரா, மாணவர்களிடம் விடுகிறாரா, தாமதமாக வந்தவனை என்ன செய்கிறார், விசிலை எப்போது ஊதுகிறார், எப்போது ஊதாமல் விடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்பாதத்தால் பந்தைத் தட்டிக் கொடுக்கும் பயிற்சியில் சிறுவனின் பந்து வழி தவறினால், சாதாரணப் பயிற்சியாளர் உதைத்த காலைத் திருத்துவார். தேர்ந்தவர் ஊன்றிய காலைப் பார்ப்பார். குனிந்து, அந்தப் பாதத்தின் விரல் நுனியைப் பந்து போக வேண்டிய திசைக்குத் தம் கையாலேயே திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். மறு பந்து நேராகப் போகும். இதைக் கண்ணால் கண்டு நான்கு வரியில் எழுதினால், ‘நுணுக்கமான பயிற்சியாளர்’ என்று தனியாகப் பாராட்ட வேண்டியதில்லை. அவருடைய பயிற்சிக் குறிப்பேடு கிடைத்தால் இன்னும் நல்லது. வியர்வையில் மை கலைந்த வருகைப் பட்டியலில், தொடர்ந்து வராமல் போன பெயரின் எதிரே அவர் எழுதியிருக்கும் ‘தறி’, ‘பனியன் கம்பெனி’, ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ போன்ற சொற்கள், கொங்கு நாட்டில் பந்தாட்டம் எந்த வேலைகளோடு போட்டியிட்டுப் பிழைத்தது என்பதைக் காட்டும்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் நடுநிலை வேண்டும். மாநில அணிக்குப் போனவரும் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையில் சேர்ந்தவரும் தாமாகவே வந்து புகழ்வார்கள். அணியில் இடம் கிடைக்காதவரையும், பாதியில் நின்றவரையும், அவரோடு சண்டையிட்டுப் பிரிந்தவரையும் நீங்கள்தாம் தேடிப் போக வேண்டும். வீட்டம்மாவிடம் தனியாக ஒரு மணி நேரம் கேளுங்கள். போட்டி நாட்களில் பன்னிரண்டு பேருக்குச் சோறு பொங்கியதும், நோம்பிக்கு (பண்டிகைக்கு) புடவை வாங்க வைத்திருந்த பணம் பந்தாக மாறியதும் பயிற்சியாளர் வாயிலிருந்து வராது.

தேர்வில் அநீதி நடந்தது என்ற மனக்குறை இல்லாத ஆட்டக்காரர் அரிது. அது அவர் தரப்பு என்பது தெரியும்படி எழுதலாம். ஆனால் இறந்துபோனவரின் பெயரையோ பதில் சொல்ல வாய்ப்பில்லாதவரின் பெயரையோ அதில் சேர்ப்பது முறையாகாது. பதினெட்டு வயது நிரம்பாத மாணவர்களின் பெயரையும் படத்தையும் பெற்றோரின் ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது.

நடையைப் பொறுத்தவரை, ‘கொங்கு நாட்டின் பீலே’, ‘கோவையின் மரடோனா’ போன்ற பட்டங்களை விட்டுவிடுங்கள். ஊருக்கு ஒரு பீலே இருக்கும் மாநிலம் இது. அவர் பேச்சை மேற்கோளாகத் தரும்போது கொங்குத் தமிழை அப்படியே விடுவது நல்லது. “மழ பேஞ்சா பந்து கல்லாட்டம் ஆயிருமுங்க” என்பதை ‘மழையில் தோல்பந்து எடை கூடிவிடும்’ என்று இலக்கணப்படுத்தினால் ஆள் காணாமல் போய்விடுகிறார். கட்டுரையின் சொந்த வாக்கியங்கள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் படியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். தவறான பெயரைக் கேட்டதும் அவர் உடனே இடைமறிப்பார், தாளில் பார்த்தால் அது கண்ணில் படாமல் போகும். நீக்கச் சொல்லும் பகுதி குடும்பத்தைப் பற்றியதென்றால் நீக்கிவிடலாம். தோற்ற ஆட்டத்தைப் பற்றியதென்றால், ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கட்டும் என்றே சொல்வார். அச்சான பிறகு கல்லூரி நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் தலா இரண்டு படிகள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். புகைப்படங்களின் மூலப் படிகளை அவரவர் வீட்டுக்கு நீங்களே நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள்.