பழைய காருக்கு இ20 பெட்ரோல்: செலவை ஏற்றிவிடும் தவறுகள்

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய அம்பாசடர், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இப்போது ஒன்பதரைகூடத் தரவில்லை என்றதும் சிலர் எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்ப ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். 1,000 கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 700 ரூபாய். இதற்காக 95 ஆக்டேன் என்று விற்கும் பிரீமியம் பெட்ரோலுக்கு மாறுவதும் வீண். அதிலும் எத்தனால் உண்டு; பழைய குறைந்த கம்ப்ரஷன் எஞ்சினுக்கு அந்த ஆக்டேனும் தேவையில்லை.

உண்மையான செலவு ரப்பரில்தான். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு காலத்து ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. கண்ணுக்குத் தெரியும் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு, எஞ்சினிலுள்ள பெட்ரோல் பம்பின் டயாபிரத்தை (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) அப்படியே விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பழைய ஹோஸில் இரண்டு அங்குலத்தை நீளவாக்கில் கீறி, உள்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். நகத்தில் கறுப்பாக ஒட்டினால் லைன் முழுவதையும் மாற்ற வேண்டும். புது ஹோஸின் மேல் ‘ஆர்9’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல், எஞ்சின் ஆயில் நிற்கும் கிராங்க் கேஸில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்து ஆயில் அளவும் ஏறியிருந்தால், தயவுசெய்து வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும். டயாபிரத்தையும் ஆயிலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டேங்கில் பல வருடமாகப் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். முதல் இரண்டு ஃபுல் டேங்க் முடிந்ததும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, பங்க்கில் நடக்கும் சண்டை. பாட்டிலில் பெட்ரோலோடு தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அடியில் தண்ணீர் கூடித் தெரியும்; கலப்படம் என்று கத்துவார்கள். 90 மில்லி இ20 பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் விட்டால் அடியில் சுமார் 28 மில்லி நிற்கும். கூடிய 18 மில்லி, தண்ணீரோடு சேர்ந்துகொண்ட எத்தனால். இதே பிரிவு டேங்குக்குள் நடந்தால்தான் ஆபத்து: பம்ப் அடியிலிருந்து இழுப்பதால் எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது. முகூர்த்தத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டியை ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை டேங்க்கோடு நிறுத்தாதீர்கள்; காலி இடத்து ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் சேரும். ஒரு மாதம் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள்; மூன்று மாதம் என்றால் வடித்துவிடுங்கள். டேங்க் மூடியின் வாஷரையும் பாருங்கள்.

ஸ்பார்க் பிளக் முனை வெள்ளையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை; காரணம், ஒரு பங்கு இ20-க்கு எடையில் 13.5 பங்கு காற்று போதும், சுத்த பெட்ரோலுக்கு 14.7. உடனே கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். 125 ஜெட் என்றால் 130 போதும்; விட்டம் 4 சதவீதம் கூடினாலே துளையின் பரப்பு 8 சதவீதம் கூடிவிடும். பிளக் இளம் பழுப்பாக இருந்தால் ஜெட்டைத் தொடவே வேண்டாம்.

மதுரை சித்திரைத் திருவிழா நெரிசலில் தல்லாகுளத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வண்டி நின்றால், பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். லைனில் பெட்ரோல் ஆவியாகி ஏர்லாக் ஆகியிருக்கும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் கிளம்பும். வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டி, கார்ப்பரேட்டர் அடியில் எஞ்சின் சூட்டைத் தடுக்கும் பேக்லைட் ஸ்பேசர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு எப்போதோ கழற்றிய மெக்கானிக் திரும்பப் போடாமல் விட்டிருக்கலாம்.